ஆரத்தித் தட்டில் நின்ற வீடியோ

சித்தப்பா கிராபிக்ஸ் கார்டு வாங்கியது வைகாசி மாதம் என்று உறுதியாகச் சொல்வேன். அப்போது எனக்கு ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் இன்னும் கைக்கு வரவில்லை. சித்திரையில் சித்தப்பா எடுத்த ஒரு கல்யாணத்தின் வீடியோவும் முடியவில்லை. மாப்பிள்ளை சிங்கப்பூர் திரும்புவதற்குள் அதைக் கொடுத்தாக வேண்டும்.

அரிமளத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் சித்தப்பாவின் எடிட்டிங் கூடம். தாமரை விரிந்து, உள்ளிருந்து மணமக்கள் எழுந்து வரும் அனிமேஷன் அவருடைய முத்திரை. பழைய கம்ப்யூட்டரில் தாமரை பாதி விரிந்ததும் படம் நின்றுவிடும். கிராபிக்ஸ் கார்டு மாட்டினால் நிற்காது என்பார் சித்தப்பா.

உரக்கடை வைத்திருந்த அப்பா, "கார்டு வாங்கித் தாரேன். அதுக்கப்புறமும் நின்னுச்சுன்னா பொட்டிய வித்துப்புட்டு எங்கடைக்கு வந்துரணும்" என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

மூவரும் திருச்சிக்குப் போனோம். எங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டே கார்டுகள் தேறின. ஒன்றில் இரண்டு விசிறிகள், கலர் கலராய் விளக்கு. மற்றது ஒற்றை விசிறியோடு சப்பையாக இருந்தது. நானும் அப்பாவும் ஒரே கட்சி.

"ஏன்டா, அதே வெலைக்கு ரெண்டு ஃபேன் தாராங்க. ஒத்த ஃபேன எதுக்குடா தூக்குற?"

"அது கேம் வெளையாடுறவங்களுக்குண்ணே. எடிட்டிங்குக்கு மெமரிதான் வேணும், அது இதுலதான் கூட. நம்ம பவர் சப்ளையும் இதத்தான் தாங்கும். பொட்டிக்குள்ள லைட்டு எரிஞ்சு யாரு பாக்கப் போறா?"

வீட்டில் அம்மா, புது பைக்குக்குச் செய்வதுபோல் கார்டைச் சாமி படத்தின் முன் வைத்து, சந்தனம் குழைத்து மூன்று பொட்டு வைத்துவிட்டார். மூன்றாவது, கம்ப்யூட்டருக்குள் சொருகும் தங்கநிறப் பட்டையின் மேல். சித்தப்பா அலறியடித்து அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினார். தாமரை தடையின்றி விரிந்தது.

சில நாளில் நான்தான் கோளாறைக் கண்டுபிடித்தேன். ஆரத்தி எடுக்கும் இடத்தில், பெண்ணின் தங்கை தட்டோடு சிரித்தபடி உறைந்து நின்றார். மறுநாளும் அதே இடம். எட்டிப் பார்த்தபோதெல்லாம் அதே இடம். கடமை தவறாமல் அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டு ஃபேன் வாங்குன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல?" என்று அப்பா எகிறினார். "நான் வச்ச பொட்டாலதான்" என்று அம்மா கண்ணைக் கசக்கினார்.

"கார்டுல ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப ஏன்டா நிக்குது? தள்ளு."

அப்பாவே உட்கார்ந்து ஓட்டினார். அந்தப் பெண் வந்தார், தட்டைச் சுற்றினார், மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தார், போய்விட்டார். படம் எங்கும் நிற்கவில்லை. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அப்படியே.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தார். "இந்தப் புள்ள ஆரு தம்பி?"

"பொண்ணோட தங்கச்சி அண்ணி. கொடும்பாளூரு. பி.காம் முடிச்சிருக்காங்க. இன்னும் எங்கயும் மாப்ள பாக்கலையாம்."

"நான் ஆருன்னுதானே கேட்டேன்!"

அப்பா தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தார். "கார்டு நல்ல கார்டுதான்டா."

"நெசமா நின்னுச்சுப்பா! நானே பாத்தேன்!"

"நின்னுருக்கும் ஆத்தா, நின்னுருக்கும்" என்று சிரித்தார். யாருமே என்னை நம்பவில்லை என்று நான் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

வீடியோ உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. அடுத்த தை மாதம் அந்தத் தட்டுக்காரர் எனக்குச் சித்தியானார். கல்யாண மேடையேறி அவர் காதில், "இந்த வீடியோவச் சித்தப்பாகிட்ட குடுத்துறாதீங்க. அவரு கார்டுல கோளாறு. நீங்க வந்தாப் படம் நின்னுரும்" என்று எச்சரித்தேன்.

நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். சித்தி ஏன் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கவேயில்லை.