புள்ளைய இப்ப தூக்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மும்பை செம்பூரில் என் வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் வாட்ஸ்அப் குரூப்பில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி.

‘மனோகர், காதரை நீக்கினார்.’

ஈரத் துணியை அப்படியே பக்கெட்டில் போட்டேன். இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மனோகர் வேறு யாரும் இல்லை, என் கூடப் பிறந்த தம்பி. மாதுங்காவில் இருக்கிறான், பேங்க் உத்தியோகம். மகன் பிறந்த கையோடு சிகரெட்டை விட்டான். பாராட்ட வேண்டிய விஷயம். அதோடு நிற்காமல், புதிதாக அப்பா ஆன தமிழ்ப் பையன்களைச் சேர்த்து ஒரு குரூப்பும் ஆரம்பித்தான். கல்யாண், வடாலா, சான்பாடா, தாராவி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். சிகரெட்டை விடுவதற்கு ஒருவருக்கொருவர் துணை. அதுவும் பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

அப்பாக்கள் குரூப்பில் எனக்கென்ன வேலை?

“பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராதுக்கா. டாக்டர் சொல்றதை எல்லாம் நீ வாய்ஸ் மெசேஜாப் பேசிப் போடு” என்றான் மனோகர். சரியென்று பேசிப் போட்டேன். சிகரெட் பிடித்த கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், புகை சட்டையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு இருக்கும்... இதையெல்லாம் சொன்னது என் குரல்தான். குரூப்பில் எல்லோருக்கும் நான் அக்கா.

தினமும் காலையில் ஒவ்வொருவரும் ‘இன்றும் புகை இல்லை’ என்று போட வேண்டும். உடனே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

காதருக்குத் தாராவியில் லெதர் பை தைக்கும் சின்ன ஒர்க்‌ஷாப். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். முதல் குழந்தை, பெண். பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குரூப்பில் அதிகம் பேசாத ஆள். அந்த ஞாயிற்றுக்கிழமை, நீக்கப்படுவதற்குச் சற்று முன்னால், அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அதைக் கேட்டேன்.

“எல்லாருக்கும் சொல்லுதேன்... இன்னிக்கு ஒரு சிகரெட் குடிச்சிட்டேன். புள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரில வச்சிருக்கு. கண்ணைக் கட்டி லைட்டுக்கு அடியில போட்டிருக்காவ. பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிட்டு. கீழ வந்து டப்ரி பொட்டிக்கடைல வாங்கிப் பத்த வச்சிட்டேன். தப்புதான். இப்ப வீட்டுக்காரி மேல கூப்புடுதா. சட்டையெல்லாம் வாடை அடிக்கி. யக்கா, புள்ளைய இப்ப தூக்கலாமா? எவ்ளோ நேரம் கழிச்சுத் தூக்கணும்? யாராச்சும் சொல்லுங்களேன்.”

இதற்குப் பதில்தான் அந்தச் சாம்பல் நிற வரி!

முதலில் காதருக்குப் போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

“எங்க இருக்கீங்க காதர்?”

“ஆஸ்பத்திரி வாசல்லதான்க்கா.”

“இன்னும் மேல போகலையா?”

“எப்படிக்கா போவேன்? குரூப்பே வேண்டாம்னு தள்ளிட்டு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் புள்ளைகிட்டப் போக?”

“இங்க பாருங்க. வாயை நல்லாக் கொப்புளிங்க. முகம், கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. சட்டையை மாத்துங்க. மேல போய் நர்ஸ்கிட்டச் சொல்லிட்டு, அவங்க சரின்னதும் புள்ளையைத் தூக்குங்க. அவ்வளவுதான்.”

“மாத்துச் சட்டை இல்லியேக்கா.”

“ஃபுட்பாத்ல ஒண்ணு வாங்குங்க காதர்! முதல்ல உங்க வீட்டம்மாகிட்டப் போய் நில்லுங்க.”

அடுத்த போன் தம்பிக்கு.

“ஏண்டா அவரைத் தூக்கினே?”

“அக்கா, ரூல்னா ரூல். குடிச்சா வெளியே. சேரும்போதே சொல்லித்தான் சேர்க்கிறேன். ஒருத்தன் குடிச்சேன்னு சொன்னா மத்தவனுக்கும் ஆசை வரும். மோட்டிவேஷன் போயிடும்.”

“அவர் ஒரு கேள்வி கேட்டாரே, கேட்டியா?”

“என்ன கேள்வி?”

“மெசேஜை முழுசாக் கேட்டியாடா?”

“...குடிச்சேன்னு சொன்ன வரைக்கும் கேட்டேன்.”

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் இந்தப் பத்தியில் எழுத முடியாத வார்த்தைகள் வந்திருக்கும்.

எனக்குப் புரியவே இல்லை. சிகரெட்டை விட்டுவிட்டவனுக்கு உதவி எதற்கு? விட முடியாமல் தடுமாறுகிறவனுக்குத்தானே உதவி? ஜுரம் வந்த நோயாளியை ‘ஜுரத்தோடு உள்ளே வராதே’ என்று வாசலில் நிறுத்தும் ஆஸ்பத்திரி உண்டா? ஜெயித்தவனுக்குக் கைதட்ட நமக்கு எத்தனை கைகள்! வழுக்கியவனுக்கு நீட்ட ஒரு கை கிடையாது. கேட்டால் டிசிப்ளினாம்!

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் சயானில் குழந்தையைச் சேர்த்திருந்த நர்சிங் ஹோமுக்கே போய்விட்டேன். கிளிப் பச்சை டீ-ஷர்ட்டில், தோளில் மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார் காதர். பால் குடிப்பதற்காக விளக்கடியிலிருந்து வெளியே எடுத்த குழந்தை அவர் மடியில் இருந்தது. மூச்சு விடவே பயந்தவர் போல இருந்தார்.

அவர் மனைவி ஷமீமா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்கதான் அந்த குரூப் அக்காவா?”

“ஆமாம்மா.”

“அவ்வொ சிகரெட் குடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லக்கா. அவ்வொ பயந்தாவ, நானும்தான் பயந்தேன். ஆனா புள்ளைக்கு ரத்தம் எடுக்கையில நான் ஒத்தையில நின்னு அழுதேன். இவ்வொ கீழ நின்னு போனைப் பாத்துக்கிட்டு இருந்தாவ. உங்க ஆளுவ ஒரு பதில் சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பாவல்லா? பொய் சொன்னாத்தான் உங்க குரூப்ல வச்சுக்குவியளா?”

காதர் தலையைக் குனிந்துகொண்டார். “நீ கேக்கறது நியாயம்மா” என்றேன்.

திரும்பி வரும்போது டாக்ஸியிலேயே குரூப்பில் பேசிப் போட்டேன். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்தார். அவ்வளவு சத்தம்.

“காதர் உண்மையைச் சொன்னார், அவரை வெளியே தள்ளியாச்சு. நீங்க அத்தனை பேரும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்க. சரி, இப்ப நான் கேக்கறேன். இந்த வாரம் வேற யார் யார் குடிச்சீங்க? சொல்லுங்க. என்னையும் சேர்த்துத் தூக்கட்டும், பார்த்துக்கலாம்!”

எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்பதற்கு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. நான் வீடு வந்து சேர்ந்த பிறகு வடாலாக்காரர் ஒருவர் பேசினார். “அக்கா... நான் வியாழக்கிழமை. ஆபீஸ்ல டென்ஷன்.” கொஞ்ச நேரம் கழித்துக் கல்யாணிலிருந்து இன்னொருவர்: “நான் விடவே இல்லக்கா. கொறச்சிருக்கேன், அவ்ளோதான். தினமும் கைதட்டு வாங்கறப்ப வெக்கமா இருக்கும்.” அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் அழுதுகொண்டே ஹிந்தியில் பேசினார்.

மனோகர் யாரையும் நீக்கவில்லை. நீக்கினால் குரூப்பில் அவன் மட்டும்தான் மிஞ்சுவான்!

செவ்வாய்க்கிழமை அவனே காதருக்குப் போன் போட்டானாம். “குழந்தைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டானாம். ஸாரி என்ற சொல் எங்கள் வீட்டு ஆண்களுக்கு வராது. அதற்குப் பதிலாக இப்படித்தான் விசாரிப்பார்கள். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. காதர் குரூப்புக்குத் திரும்ப இரண்டு நாள் யோசித்தார். “வாரேன்க்கா. ஆனா எனக்கு யாரும் கைதட்டாண்டாம்” என்றார். வந்த அன்றைக்கே, மறுபடி ஆசை வருகிறது, என்ன செய்ய என்று கேட்டார். இந்த முறை மூன்று பேர் பதில் சொன்னார்கள்.

நேற்று தம்பி என்னிடம் முறையிட்டான். “உன்னால குரூப்பே கெட்டுப்போச்சுக்கா. தினமும் எவனாவது குடிச்சேன்னு சொல்றான்.”

குடிப்பது புதிதில்லையடா தம்பி, சொல்வதுதான் புதிது!