ஓட்டத்தில் சோதிக்கப்பட்டது

வாகனத்தில் பொருத்தப்படும் இருவழி வானொலியை, அந்த வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். சோதிப்பவர், பொருத்தியவரின் உறவினராக இருக்கக்கூடாது. நான் வேலை பார்த்த இலாகாவின் விதிப்புத்தகத்தில் இது இரண்டு வரி. முதல் வரி எல்லா நாட்டிலும் இருப்பது. இரண்டாவது வரியைச் சேர்த்தவள் நான். "இதில் உறவினர் எங்கிருந்து வந்தார்?" என்று மேலதிகாரி ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார். "நிர்வாக நலன் கருதி" என்று பதில் எழுதி அனுப்பினேன். பொய் சொல்லாமல் உண்மையை மறைப்பதற்கு அரசாங்கத்தில் அதைவிட நல்ல சொற்றொடர் கிடையாது. ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. உறவினர் எங்கிருந்து வந்தார் என்பதை இனிச் சொல்லலாம்.

பினாங்கில் ஜப்பான்காரர் ஆட்சி நடந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பாவின் அண்ணன், பெரியப்பா, எங்களோடு இருந்தார். ஆஸ்பத்திரியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வெள்ளைக்கார எஞ்சினியர்கள் கப்பலேறிய பிறகு கம்பி, பேட்டரி, வால்வு என்று எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கோயில் அழைப்பிதழைக்கூட இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார். வாசிக்காத தாளில் அவர் கையெழுத்து விழுந்ததில்லை, ஒரே ஒரு தாளைத் தவிர.

அம்மாவின் தங்கை, சின்னம்மா, ஊருக்குத் தெற்கே கெலுகோரில் இருந்தாள். முந்தின வருஷம் தலைப்பிரசவத்தில் குழந்தை போய், அவளும் மயிரிழையில் பிழைத்திருந்தாள். மறுபடி வயிற்றில் பிள்ளை. இந்தத் தடவை வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாய் தங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருடைய கவலையும் ஆம்புலன்ஸைப் பற்றியதாக இருந்தது.

ஓடும் நிலையில் இருந்தது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். பெட்ரோல் கிடையாது, முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு அந்த வாயுவில் ஓடியது. வெளியே போன வண்டி திரும்பி வரும்வரை அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. கெலுகோர் சந்திக் கடையில் டெலிபோன் உண்டு. தெற்கே போன வண்டி அந்தச் சந்தியைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். கடை வாசலில் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர், ஒரு மலாய்க்காரர், சிவப்புக் கொடியோடு உட்கார்ந்திருப்பார். டெலிபோன் வந்தால் கொடியைக் காட்டி வண்டியை மறிப்பார். கொடிக்கு மட்டும்தான் நிற்க வேண்டும், கை காட்டுகிறவர்களுக்கெல்லாம் நிற்கக்கூடாது என்பது டிரைவருக்கு உத்தரவு. அந்தக் காலத்தில் ஓடுகிற வண்டி எதைக் கண்டாலும் ஊரே கை காட்டியது.

போக்குவரத்துக்குப் பொறுப்பாக வந்த ஜப்பானிய அதிகாரிக்குக் கொடியும் ஆளும் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸில் இருவழி வயர்லெஸ் பொருத்தும்படி பெரியப்பாவிடம் சொன்னார்.

ஸ்டோரில் மூன்று கருவிகள் கிடந்தன. ஒன்று பிரிட்டிஷ் பட்டாளத்து லாரியில் இருந்தது. அதை ஏற்றினால் நோயாளியை இறக்கிவிட வேண்டியதுதான். இரண்டாவது கையால் சுற்றி மின்சாரம் எடுப்பது. ஒருவர் பேச, இன்னொருவர் வியர்க்க வேண்டும். மூன்றாவது ஏதோ துறைமுகப் படகில் இருந்து கழற்றியது; சிறியது, வண்டி பேட்டரியிலேயே ஓடும், முகப்பில் பச்சை விளக்கு எரியும். பெரியப்பா இரண்டாவதைச் சிபாரிசு செய்தார். வண்டியின் மின்சாரத்தோடு அதற்குத் தொடர்பில்லை, ஆகையால் தொந்தரவும் இல்லை என்பது அவர் வாதம். அதிகாரி பச்சை விளக்கைப் பார்த்தார். மூன்றாவது தேர்வாயிற்று.

பொருத்துவதை மட்டும் பெரியப்பா குறைவில்லாமல் செய்தார். குலுங்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப்பை மடித்து வைத்தார். தடித்த கம்பியை நேராகப் பேட்டரியில் இருந்தே இழுத்தார். பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த இடத்தில் எர்த் கொடுத்தார். மூங்கில் கழியில் செம்புக்கம்பி ஓட்டி ஏரியல் ஆக்கினார். இஞ்சின் நின்றிருந்தபோது ஆஸ்பத்திரி அறையில் வைத்த இன்னொரு கருவியில் இருந்து பேசியது பக்கத்தில் பேசியதுபோல் கேட்டது. டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார். படபடவென்று ஒரே இரைச்சல்.

"கிராணி ஐயா, இது ரேடியோ இல்லலா, அப்பளம் பொரிக்கிற சட்டி" என்றார் டிரைவர்.

"பிளக்கில அடிக்கிற நெருப்புப் பொறிதான் காரணம். ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு தடுப்பு போடவேணும். இஞ்ச கிடையாது, எழுதித்தான் எடுக்கவேணும்."

"அதுவரைக்கும்?"

"இடைக்கிடை வண்டியை நிப்பாட்டி, இஞ்சினை அணைச்சுப்போட்டுக் கேக்கலாம்."

"நல்லாச் சொன்னீங்க. கரிக்காடிய அணைச்சா திரும்பப் பத்த வைக்க அரை மணி நேரம் ஊதணும். உள்ள இருக்கிற ஆள் செத்தே போயிடுவாருலா."

தடுப்புகள் கேட்டுப் பெரியப்பா அன்றைக்கே சிங்கப்பூரில் இருந்த மேல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். அதிகாரியோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் சோதனை என்று நாள் குறித்துவிட்டார். வயர்லெஸ்ஸில் நிப்போங்கோவில், அதாவது ஜப்பானிய மொழியில்தான் பேச வேண்டும் என்றும் சொன்னார். பெரியப்பாவுக்கு அந்த மொழி ஏறவில்லை. டிரைவருக்குத் தெரிந்ததெல்லாம் வசவு. நான் பள்ளிக்கூடத்தில் நிப்போங்கோவில் முதல் மாணவி. இப்படித்தான் உறவினர் வந்து சேர்ந்தார்.

சோதனைக்கு முன் பெரியப்பா எனக்குத் தெளிவாகச் சொன்னார்: "வண்டியை நிப்பாட்டி வைச்சுத்தான் கதைக்கப் போறம். கேட்டினம் எண்டால் உள்ளதைச் சொல்லு பிள்ளை. நிக்கிற வண்டியில கேக்குது, ஓடேக்க கேக்க இன்னும் சாமான் வரவேணும். விளங்கிச்சுதோ?" அவ்வளவையும் நிப்போங்கோவில் எப்படிச் சொல்வது என்று அவர் முன்னால் சொல்லியும் காட்டினேன்.

தண்ணீர்மலை அடிவாரத்தில் மர நிழலில் வண்டியை நிறுத்தி டிரைவர் இஞ்சினை அணைத்தார். காதில் கவசத்தை மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரியின் குரல் எண்களைச் சொன்னது; திருப்பிச் சொன்னேன். நான் பேசியது மரங்களைத் தாண்டி, கூரைகளைத் தாண்டி ஆஸ்பத்திரி அறையில் கேட்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதையாக இருந்தது. அதிகாரி என் உச்சரிப்பைப் பாராட்டினார். பிறகு கேட்டார்: "ஹஷித்தே இமாஸ் கா?"

ஓடிக்கொண்டிருக்கிறீர்களா என்று பொருள். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். அன்று அங்கே ஒழுங்கைக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

இல்லை என்று சொன்னால் பாராட்டு அதோடு நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைப் பல வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

"ஹை, ஹஷித்தே இமாஸ்" என்றேன். பெரியப்பாவிடம், "வடிவாக் கேக்குதோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அதிகாரி என் தலையைத் தடவி ஒரு கடதாசிப் பை நிறையச் சீனி கொடுத்தார். சீனியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகி இருந்தது. நிப்போங்கோவில் எழுதிய சான்றிதழைப் பெரியப்பாவிடம் நீட்டினார்கள். அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் நீ சொன்னதுதானே பிள்ளை?"

"ஓம்."

கையெழுத்துப் போட்டார். மறுநாளே கெலுகோர் சந்தியில் இருந்து கொடிக்காரரை எடுத்துவிட்டார்கள். வண்டியில் ஏறிய உதவியாளர், ஒன்றுமே கேட்கவில்லை என்று முறையிட்டாராம். கருவிக்குச் சான்றிதழ் இருக்கிறது, உன் காதைக் காட்டு என்று பதில் கிடைத்ததாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீனியில் பாதியை அம்மா கெலுகோருக்குக் கொண்டுபோனாள். சின்னம்மா ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "உன்ர குரல் ஆகாயத்தால போச்சுதாமே? எனக்கு நோ வரேக்க நீதான் வண்டியைக் கூப்பிடவேணும், என்ன?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு வலி எடுத்தது. அவள் புருஷன், சித்தப்பா, சந்திக் கடைக்கு ஓடி ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தார். வண்டி தெற்கே பாயான் லெப்பாஸ் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறது, வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுகிறோம், அங்கேயே நில்லுங்கள், வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார்கள். வயர்லெஸ்ஸில் மூன்று தடவை சொன்னார்கள். வண்டியில் இருந்து பதில் வரவில்லை. சான்றிதழ் பெற்ற கருவி ஆயிற்றே, கேட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

வண்டி வந்தது. உள்ளே கால் நசுங்கிய ஒருவர். சித்தப்பா நடுவீதிக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கினார். வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. "ஒரு மனுசன் குறுக்க வந்து கத்துனாரு. கையில கொடி இல்ல. நான் நிக்கல" என்று டிரைவர் பிறகு எங்கள் வாசலில் நின்று அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயம் தெரிந்து அவர் வண்டியோடு கெலுகோருக்குத் திரும்பி வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்தி பிள்ளையை எடுத்துவிட்டாள். ஆண் பிள்ளை, அழுதது. சின்னம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. வண்டியில் ஏற்றினார்கள், ஆஸ்பத்திரியில் இறக்கியது உடலைத்தான்.

எட்டாம் நாள் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணை, வண்டி ஓடேக்க வடிவாக் கேட்டது எண்டு கடதாசியில கிடக்காம். ஓட வைச்சோ சோதிச்சனீங்கள்?"

"ஓட வைச்சோ?" என்றார் பெரியப்பா. அவர் கண் கூடத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. நான் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வெற்றிலையை எடுத்து, அதையும் துடைத்தேன்.

"சொல்லுங்கோ."

"என்ர கையெழுத்துத்தான்" என்றார் பெரியப்பா.

"தெரியாமல் வைச்சனீங்களோ?"

"இல்லை. தெரிஞ்சுதான்."

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். அதன் பிறகு பெரியப்பா இருக்கும் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அம்மா சோறு போட்டாளே தவிர பெரியப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. பெரியப்பா சாகும்வரை எங்கள் சொந்தக்காரர்களுக்கு அவர் பொய்ச் சான்றிதழ் கொடுத்து ஓர் உயிரைப் போக்கிய மனிதர். எனக்கோ அன்று பெரிய நிம்மதி. பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தப்பித்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை எனக்குத் தம்பி. இப்போது கெப்பாலா பத்தாஸில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி, "அக்கா, அம்மா எப்பிடி இருப்பா?" என்று கேட்பான். தலைமுடியைச் சொல்வேன், சிரிப்பைச் சொல்வேன். சீனியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடியதைச் சொல்வேன். சீனி எப்படி வந்தது என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தடுப்புகள் கேட்டு எழுதிய கடிதத்துக்கு சிங்கப்பூர் மேல் அலுவலகத்தின் பதில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. வண்டி ஓட்டத்தில் இருக்கும்போதே கருவி தெளிவாகக் கேட்டதாகத் தங்கள் கையொப்பமிட்ட சான்றிதழ் கூறுவதால், தாங்கள் கேட்ட தடுப்புகள் தேவையில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பெரியப்பா வழக்கப்படி அதை இரண்டு தரம் வாசித்தார். "என்ன எழுதியிருக்கினம்?" என்று கேட்டேன். அவர் அதை மடித்துப் பைலில் வைத்துவிட்டு, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்றார். இல்லை என்றேன். எனக்கும் இலை போடச் சொன்னார். எனக்குக் கடிதம் மறந்துபோயிற்று.

அவர் இறந்த பிறகு அவருடைய பைலில் அந்தத் தாளைக் கண்டுபிடித்தேன். எந்தக் கடிதம் வந்தாலும் மேல் மூலையில் பெற்ற தேதியைக் குறிப்பது அவர் வழக்கம். இதில் மட்டும் மூலை வெறுமையாக இருந்தது. விதிப்படி அதை நிரப்ப வேண்டியவள் நான். பெற்ற தேதி: சின்னம்மாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு முடித்து நாங்கள் கடற்கரையில் இருந்து வீடு திரும்பிய மத்தியானம்.