இடம் மாறிய புள்ளி

அன்றைய நிர்வாக சபைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்: சங்கத் தலைவர், உபதலைவராக இருந்த இளைப்பாறிய வாத்தியார், கடற்றொழில் செய்பவர்கள் சார்பில் வருகிற உறுப்பினர். குறிப்பு எழுத நான். வராதவர் பொருளாளர். அவருடைய தமையன் பக்கத்து ஊரான சுருவிலில் இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். பேச எடுத்த விடயமோ பொருளாளரின் வலது கைச் சின்ன விரல்.

வேலணையில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் நான் தற்காலிகத் தட்டெழுத்தாளனாகச் சேர்ந்து நான்கு மாதம். இந்திய இராணுவம் வருவதற்கு முந்திய வருடம். யாழ்ப்பாணத்தில் நடக்கும் தட்டெழுத்துச் சோதனையில் சித்தியடைந்தால் வேலை நிரந்தரம். தவறினால் ஐயாவோடு ஊரார் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது.

சிக்கல் சங்கத்துத் தட்டச்சுப் பொறியில். பொருளாளர் முன்பு அங்கேயே பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய அந்த விரல் எப்போதோ கதவிடுக்கில் நசுங்கி மடங்காமற் போய்விட்டது. தமிழ்ப் பொறியில் மெய்யெழுத்துப் புள்ளி அந்த விரலுக்குரியது. இடது சின்ன விரலுக்கு, அவ்வளவு அடிக்கடி வராத 'ய'. அவர் பொறி திருத்துகிறவரைப் பிடித்து இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். விசைகளின் மேலிருந்த எழுத்தை மட்டும் மாற்றவில்லை.

நானோ பட்டணத்தில் ஆறு மாதம் காசு கட்டி, விசையைப் பார்க்காமல் அடிக்கப் படித்தவன். புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடிப்பது முறை. முதல் நாள் 'சங்கம்' என்று அடித்தேன். 'சயஙகயம' என்று விழுந்தது. இரண்டு மாதம் கஷ்டப்பட்டு விரலை மாற்றிப் பழக்கினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போய் ஒழுங்கான பொறியில் அதையே அடித்துப் பார்த்தேன். அங்கேயும் 'சயஙகயம'.

இதைத்தான் கூட்டத்தில் விளக்கினேன்.

"புள்ளி எந்தப் பக்கம் கிடந்தா என்ன தம்பி, கடுதாசியிலை விழுந்தாச் சரிதானே," என்றார் கடற்றொழில் உறுப்பினர்.

"சோதினை மெசினிலை மற்றப் பக்கம் கிடக்கு, அண்ணை."

"அப்ப அங்கை போய் அந்தப் பக்கம் அடியும்."

"விரலுக்கு அது விளங்காது."

"உம்மடை விரல்தானே. நீர்தான் விளங்கப்படுத்த வேணும்."

வாத்தியார் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "மாத்துறது பெரிய காரியமில்லை. ஆனா அந்தாள் திரும்பி வந்து அடிக்க இருக்கேக்கை என்ன நினைக்கும்? ஒரு சொல்லுக் கேக்காமல் செய்யிறதோ?" பின்னேரத்தில் நான் போன பிறகு பொருளாளர் இருந்து அடிப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"நான் போய்க் கேக்கிறன், ஐயா."

"செத்தவீட்டுத் துடக்குக்குள்ளை போய் ரைப்ரைற்றர்க் கதை கதைக்கப் போறீரோ?" என்றார் வாத்தியார். "முப்பத்தொண்டு கழியட்டும்."

முப்பத்தொன்று கழிய முன்னரே சோதனை வந்துவிடும் என்றேன். முக்கால் மணித்தியாலம் பேசி ஒரு தீர்மானம் எடுத்தார்கள்: சோதனை முடியும்வரை பொறி எனக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து பொருளாளர் வர முன்னர் அவருக்கு. "ஒருத்தருக்கும் மனவருத்தமில்லை," என்றார் தலைவர். எனக்கு இருந்தது. அதைக் குறிப்பில் எழுத இடமில்லை.

பட்டணத்திலிருந்து திருத்துகிறவர் பஸ்ஸில் வந்தார். இரண்டு அச்சுகளின் ஈயப் பற்றையும் உருக்கிக் கழற்றி, இடம் மாற்றி ஒட்டினார். புள்ளி விழும்போது தாள் நகரக்கூடாது என்பதால் அதற்கான தடையையும் கழற்றி மற்றப் பக்கம் பூட்டினார். பகல் முழுவதும் போயிற்று. மிச்ச நாட்களில் இரவு பகலாக அடித்து, சோதனைக்குப் போய் வந்தேன். அந்தியேட்டிக்கு முதல் நாள் அதே மனிதர் மறுபடி வந்து எல்லாவற்றையும் திருப்பி மாற்றினார். நான் சித்தி என்ற கடிதம் அடுத்த நாள் வந்தது. நிரந்தரமான வேலை, நிரந்தரமாகத் தலைகீழான பொறி.

பொருளாளர் மொட்டைத் தலையோடு வந்து கதிரையில் இருந்தார்.

"ஐயா, உங்கடை பக்கமே மாத்தி வைச்சிருக்கு," என்றேன்.

"என்ரை பக்கமோ? நான் இதிலை அடிச்சு ரெண்டு வருசமாச்சு. கண் பிடிக்கேல்லை."

எழும்பி அலுமாரியைத் திறந்து, பழைய கடிதக் கோவையிலிருந்து தாளொன்றை இழுத்துத் தந்தார். வேலையிலிருந்து இளைப்பாறியபோது அவர் கையால் எழுதிக் கொடுத்த கடிதம். இனி வருகிறவருக்கு உதவியாகப் பொறியை முன்போல மாற்றிவிடவும் என்று இருந்தது. மூலையில் 'பார்த்தேன்' என்று தலைவரின் கையெழுத்து.

"நாலு மாசம் எனக்கு முன்னாலை இருந்து அடிச்சனீர். ஏன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"உங்கடை விரலைப் பற்றி எப்பிடி ஐயா கேக்கிறது?"

"நான் விரலைக் கேக்கச் சொல்லேல்லைத் தம்பி. மெசினைக் கேட்டிருக்கலாம்."

அவரைக் கோபிக்க என்னால் முடியவில்லை. தலைவரைக் கோபிக்க எனக்குத் தகுதியில்லை. மிஞ்சியது நான்தான். நாலு எழுத்துப் படித்தவன் என்று வீட்டில் எல்லாருக்கும் கடிதம் வாசித்துச் சொல்கிறவன், கைக்கெட்டிய அலுமாரியில் இருந்த கடிதத்தை வாசிக்கவில்லை.

திருத்துகிறவர் மூன்றாம் தரமும் வந்து புள்ளியை ஒழுங்கான பக்கத்துக்கே மாற்றினார். என்னைப் பார்த்து, "இன்னொருக்கா மாத்துவியளோ, இல்லாட்டி இவ்வளவுதானோ?" என்று கேட்டார். கூலியைக் குறைக்கச் சொல்லித் தலைவர் கேட்டும் அவர் குறைக்கவில்லை. மூன்று முறைக்கும் கூலி, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சங்கத்துக்கு முடிந்த செலவு இருநூற்று எண்பத்தைந்து ரூபா.