ஏரியில் ஒரு பூட்ஸ் தடம்

கோபத்தில் நான் எழுதினால் கையெழுத்து கோணிக்கொள்ளும். அச்சுக் கோர்ப்பவர் தலையில் அடித்துக்கொள்வார். இந்த வாரம் அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆரணி மிஷன் ஸ்கூலில் ஒரு பிரசங்கம். வேதப் பிரசங்கம் இல்லை — கல்லைப் பற்றி. அந்த ஸ்கூலின் சயின்ஸ் வாத்தியார் தேவசகாயம், யாரோ ஒரு பாதிரியார் சீமையிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கல் பலகையை மேஜைமேல் வைத்திருந்தார். அதன்மேல் ஏதோ ஒரு பிராணி நடந்துபோன தடம். விரல்கூடத் தெரிகிறது. ஓரத்தில் பென்சில் பருமனுக்குக் குழாய் குழாயாகச் சில அடையாளங்கள்... பூச்சிகள் தோண்டிய வளைகளாம்.

பிராணி போய்விட்டது. எலும்புகூட மிச்சமில்லை. நடந்த நடை மட்டும் கல்லாகி நிற்கிறது. ஆச்சரியமாக இல்லையா?

"இது ஒரு காலத்துல பாலைவனத்து மணலுங்க," என்றார் வாத்தியார். "காஞ்ச மணல்ல கால் வெச்சா தடம் நிக்குமா? சரிஞ்சி மூடிக்கும். அன்னிக்கு ஒரு தூறலோ பனியோ அந்த மணலை நனைச்சிருக்கணும். ஈரத்துல பதிஞ்சது வெயில்ல இறுகிச்சி. அப்புறம் காத்து புது மணலைக் கொண்ணாந்து மேல மூடிச்சி. பூச்சிங்க ஈரத்தைத் தேடிகினு கீழே போயிருக்கு. தடத்தைப் படிச்சா அந்தக் காலத்து மழை வெயிலையே படிச்சிடலாம்."

முன் பெஞ்சில் இருந்த பச்சையப்பன் சிரித்துவிட்டார். எங்கள் தெருவில் பட்டு நெய்கிறவர்.

"அந்தப் பூச்சியும் நம்மாளுதான் போலகீது வாத்தியாரே," என்றார்.

நெசவாளிகள் எல்லோரும் சிரித்தார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காற்று உலர்ந்தால் பட்டு இழை பட்டுப்பட்டென்று அறும். அதனால்தான் இங்கே தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறார்கள். மண்ணின் ஈரம் இழையைக் காப்பாற்றும். இந்த வருஷம் அந்த ஈரமும் போதவில்லை. குழியில் தண்ணீர் தெளிக்கலாம் என்றால் கிணற்றில் தண்ணீர் வேண்டாமா? ஏரி வறண்டது, கூடவே தெருக் கிணறுகளும் வறண்டன.

ஆற்றிலிருந்து ஏரிக்கு வரும் கால்வாய் மண் மேடிட்டுப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்குள் அதைத் தூர் வாராவிட்டால், ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடினாலும் ஏரிக்கு ஒரு சொட்டு வராது. அப்படி ஆனால் பச்சையப்பன் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு காஞ்சிபுரத்துக்குக் கூலி நெசவுக்குப் போய்விடுவார். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்தக் கால்வாயைப் பார்வையிடச் சர்க்கார் அனுப்பிய ஓவர்சியர் ஒருவர் வியாழக்கிழமை வந்தார். சனிக்கிழமை சபையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும் எழுந்தார்.

"வாத்தியார் ரொம்ப நல்லாச் சொன்னார். பூமி காயறதும் நனையறதும் லட்சக்கணக்கான வருஷமா நடக்கிற சங்கதி. பாலைவனத்திலேயே தூறல் விழுந்திருக்கு. ஆரணியில விழாதா? அந்தக் கால்வாயை நான் நேர்ல போய்ப் பார்த்துட்டேன். அதைத் தூர் வார அவசியமில்லே. அப்படியேதான் மேலே எழுதப்போறேன்."

கேட்டீர்களா நியாயத்தை?

"மழை பேஞ்சாலும் தண்ணி உள்ள வரணுமில்லீங்களா ஐயா?" என்றார் பச்சையப்பன். "சர்க்கார் செய்யலன்னா போவுது. உத்தரவு குடுங்க, நாங்களே மண்ணு அள்றோம்."

"சர்க்கார் கால்வாயில கை வெச்சா கேஸ் ஆகும். தெரியுமில்லே?"

சொல்லிவிட்டு ஜட்கா ஏறிப் போய்விட்டார். எனக்குக் காது மடல் வரை சுட்டது. தானும் செய்யமாட்டார், செய்கிறவனையும் விடமாட்டார். பாவம் வாத்தியார், கல்லை மூட்டை கட்டிக்கொண்டே என்னிடம் வந்து, "நான் சொன்னது அதுவா சார்?" என்றார். அது இல்லைதான். வேலையைத் தட்டிக் கழிக்க ஒரு மனுஷன் லட்சம் வருஷத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் யார் என்ன பதில் சொல்வது? அவர் வீட்டுக் கூரை ஒழுகினால், 'ஆதிகாலந்தொட்டு மழை பெய்துகொண்டுதானே இருக்கிறது' என்று பாயை விரித்துப் படுத்துக்கொள்வாரா?

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாத்தியார் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். ஈரத்தில் தடம் எப்படிப் பதிகிறது என்று ஏரியிலேயே காட்டுகிறேன் என்றார். மனசு ஆறவில்லை என்று எனக்குப் புரிந்தது. பச்சையப்பனும் நானும் கூடப் போனோம்.

புதன்கிழமை ராத்திரி ஒரு சின்னத் தூறல் போட்டிருந்தது. அதற்கப்புறம் நல்ல வெயில். ஏரித் தரையில் எல்லாம் அப்படியே பதிந்து காய்ந்திருந்தது — ஆட்டுக் குளம்பு, கொக்கின் கால், நண்டு தோண்டிய வளை. வாத்தியார் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார். திடீரென்று நின்றுவிட்டார்.

கரையிலிருந்து ஒரு தடம் இறங்கியிருந்தது. ஆணி அடித்த பூட்ஸ். ஆரணியில் ஏரிக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குகிறவர் யார்? பக்கத்திலேயே குடை பிடித்தவனின் வெறுங்கால். இரண்டும் ஒட்டி ஒட்டிப் போய், ஒரு கருவேல மர நிழலில் நின்றன. அங்கே வெட்டிக் குடித்த இளநீர்க் காய்கள் கிடந்தன. அதற்கப்புறம் தடம் அப்படியே திரும்பிக் கரைக்கு வந்துவிட்டது.

கால்வாய் வாய் இருப்பது ஏரியின் அந்தக் கோடியில். மரத்திலிருந்து கூப்பிட்டால்கூடக் கேட்காது. எதற்கும் இருக்கட்டும் என்று அதுவரை நடந்து பார்த்தோம். ஆடு போயிருக்கிறது, நரி போயிருக்கிறது. பூட்ஸ் போகவில்லை.

"நேர்ல பார்த்துட்டாராமே?" என்றார் பச்சையப்பன். குரலில் கேலி இல்லை. "எளநிய குடிச்சிட்டுப் போயிட்டாரு. நான் ஊர விட்டுப் போணுமா?"

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே அச்சில் வைக்கிறேன். ஓவர்சியருக்கு மேலே இருக்கும் துரைமார்களுக்குத் தமிழ் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். சொல்லட்டும். சந்தேகம் இருந்தால் நேரிலேயே வரட்டும் — கருவேல மரத்தைத் தாண்டி.

ஓவர்சியர் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. ஆள் வைத்துக் கொத்தினால் அந்தத் தடம் போய்விடும் என்று நினைக்காதீர்கள், கொத்தின தடமும் தெரியும். அது சுத்தமாக அழிய ஒரே வழிதான் இருக்கிறது.

ஏரிக்குத் தண்ணீர் வரவேண்டும்.