கோமுகி வைத்த படகு

எங்கள் வேங்கிக்கால் வீட்டு வாசலில் ஒரு படகு வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் ஏரியை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதற்காகப் புதுச்சேரியிலிருந்து லாரியில் கொண்டுவந்த ஃபைபர் படகு. யாரோ ஓட்டித் தள்ளியதுதான், ஆனாலும் எங்களுக்குப் புதுசு. "கிரிவலம் இனிமே படகுலதானா மச்சான்?" என்று அப்பா நாள் தவறாமல் சீண்டினார். ஓட்டிக் காட்டி அவர் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று மாமாவுக்கு ஒரே வீம்பு. நான் மாமா கட்சி.

அப்பப்பா, அதன் வயிற்றுக்குள் எத்தனை குழாய்! எது எங்கே போகிறதென்று மாமாவுக்கும் தெரியாது, பத்து வயதுப் பெண்ணான எனக்கும் தெரியாது. அவர் ஒரு முனையில் வாய் வைத்து ஊதுவார். நான் மற்ற முனைகளில் கை வைத்து, காற்று வந்ததும் கத்துவேன். ஒரு தடவை பழைய மீன் தண்ணீர் என் முகத்திலேயே பீய்ச்சியது. சீ, அந்த நாற்றம்! இருந்தும் நான் நகரவில்லை. கடைசியில் கண்டுபிடித்தே விட்டோம். சிவப்பு சுவிட்சைப் போட்டால் ஏரித் தண்ணீர் மீன் தொட்டிக்குள் வரும். நீலத்தைப் போட்டால் ஒரு சின்ன மோட்டார் ஓடி, படகின் அடியில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளும். பின்பக்கம் அடியில் ஓர் ஓட்டை, அதற்கு மரை போட்ட பித்தளை மூடி. தரையில் நிற்கும்போது அதைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் வடிந்துவிடும். வாய்ப்பாடு ஒழுங்காக வராத நான் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

ஏரியில் இறக்கும் நாள் காலையில் அம்மா படகுக்கு அபிஷேகமே செய்தாள். பாலும் மஞ்சள் தண்ணீரும் வடிய மாமா மூடியைக் கழற்றினார். "பாருடா, கோயில் கோமுகி மாதிரியே ஊத்துது!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சொம்பில் தீர்த்தம் பிடித்தாள். பித்தளையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மூடியைப் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, சாமி ரூமில் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்தாள். நாங்கள் படகை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் அப்பா, அம்மா, பாதி ஊர். நான்தான் முதல் பயணி! நடு ஏரிக்குப் போனதும் என் கால் நனைந்தது. மாமா திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, மூடி எங்கடி?"

"சாமி ரூம்ல, மாமா!"

அவர் குதிகாலை ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டு, படகைக் கரைப் பக்கம் திருப்பினார். "மோட்டார் போடுடி!" என்று கத்தினார். நான் யோசிக்கவே இல்லை, நீலத்தைத் தட்டினேன். குழாய் ஒரு தரம் செருமியது. அப்புறம் ஏரிக்குள் கொட்டியது பாருங்கள், அடடா! எங்கள் மோட்டார்! வேலை செய்கிறது! நான் கரையைப் பார்த்துக் கைதட்டிக் குதித்தேன். மாமா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கரை சேரும்வரை விடவேயில்லை. அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார். என்னைத் தூக்கிக்கொண்டார், மாமாவையும் கட்டிப் பிடித்தார். கிண்டலே இல்லை. "மாமா ஜெயிச்சுட்டாரு!" என்று நான் கூவினேன். அம்மா எதற்கு அழுகிறாள் என்றுதான் விளங்கவில்லை. என் மணிக்கட்டில் மாமாவின் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. புது வளையலைப் போல அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன். மாமாவுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.