இருபத்து நாலு புள்ளி இரண்டு மீட்டர்

என் நாத்தனார் சொர்ணலட்சுமிக்குத் தெரியாத துணி வேலை கிடையாது. சின்னாளபட்டியில் எங்கள் தெருவில் அவளைப் போல வேகமாகச் சுங்குடி முடிச்சுப் போட ஆள் இல்லை. வாயும் அதே வேகம்தான். ஆனால் கத்திரியை மட்டும் யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை. நெய்த துணியை அளந்து சேலையாக வெட்டுவது எங்கள் வீட்டில் ஆண்கள் வேலை. அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அதை ஏதோ கும்பாபிஷேகம் மாதிரி செய்வார்.

எண்பத்து நாலில் நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், தன் நாலு மருமகள்களுக்கும் ஒரே துணியில் நாலு சேலை கேட்டார். ஐந்தரை மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்றுக்கொன்று விரலளவு வித்தியாசமும் கூடாது. நாலு மருமகள் இருக்கும் வீட்டின் கஷ்டம் அவருக்குத்தானே தெரியும்.

"இதை நான் வெட்டுறேண்ணே" என்றாள் சொர்ணம்.

"வெட்டிக்க. கெட்டுச்சுன்னா இனிமே கத்திரியத் தொடக் கூடாது, ஆமா."

துணி இருபத்து நாலு புள்ளி இரண்டு மீட்டர் இருந்தது. சொர்ணம் எட்டாவது வரை படித்தவள். தரையில் கரித்துண்டால் வகுத்தாள். இருபத்து நாலை நாலால் வகுத்தால் ஆறு. புள்ளி வைத்தாள். அடுத்து இரண்டு, அதை நாலு பேருக்குக் கொடுக்க முடியாது. பக்கத்தில் ஒரு சைபர் சேர்த்து இருபதாக்கினாள். நாலைந்து இருபது. விடை ஆறு புள்ளி ஐந்து.

"ஆறரை மீட்டர் மதினி!" என்றாள்.

தப்பு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. நாங்கள் நூல் பங்கு போடும் முறை அப்படி. முதலில் முழுக் கட்டாகக் கொடுப்போம். மிஞ்சிய கட்டு எல்லோருக்கும் வராவிட்டால், அதைப் பிரித்துச் சின்னச் சின்னச் சிட்டமாகக் கொடுப்போம். யாருக்கும் எதுவும் கிடைக்காத சுற்றை நாங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வகுத்தலிலும் அவள் அந்தச் சுற்றைப் பேசாமல் தாண்டிவிட்டாள்.

அண்ணன் பார்க்கிறார் என்ற வீம்பில் முதல் சேலையை ஆறரையில் வெட்டியும் விட்டாள். மற்றதற்கு அளந்து குறி வைத்துக்கொண்டே போனால், நாலாவது ஐந்து மீட்டர்கூட வரவில்லை.

அவள் முகம் சுண்டிப்போனது. என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"குடு இங்கிட்டு. அப்பவே சொன்னேன்ல?"

"செத்த நேரம் பொறுண்ணே."

தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். "குடுக்க முடியாத எடத்துல ஒரு சைபர் போட்டுருக்கணும் மதினி. ஆறு புள்ளி சைபர் அஞ்சு. அஞ்சு சென்டிமீட்டர அம்பதுன்னு வெட்டிட்டேன்."

மிச்சத் துணி பதினேழு புள்ளி ஏழு. அதை மூன்றால் வகுத்தாள். பதினேழில் ஐந்து தடவை போனது, மீதி இரண்டு. ஏழை இறக்கினால் இருபத்தேழு; அதில் ஒன்பது தடவை. ஐந்து புள்ளி ஒன்பது. இந்த முறை திருப்பிப் பெருக்கியும் பார்த்தாள். முதல் சேலையையும் அந்த அளவுக்கு வெட்டினால் நாலும் சமம், ஐந்தரைக்கும் மேலே. அறுபது சென்டிமீட்டர் துண்டுதான் வீண்.

என் வீட்டுக்காரர் நீட்டிய கையை மடக்கவில்லை. சொர்ணமும் கத்திரியைக் கொடுக்கவில்லை.

"மிச்சத்தையும் நாந்தான் வெட்டுவேன். இந்தத் தப்பு இனிமே எனக்கு வராதுண்ணே. ஒனக்குத்தான் இன்னும் வரல; வந்தா இனிமேதான் வரும்."

அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அவர் உட்கார்ந்து, துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.