முதல் வரி மட்டும் நார்மல்

பெரியமுத்து அண்ணன் நடந்துகொண்டே கதை சொல்லமாட்டார். பதினெட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருந்து பார்க்கிறேன். ஃபேக்டரியிலிருந்து எங்கள் லயத்து வீடுகளுக்கு ஏறும் பாதையில் மூன்று வளைவு உண்டு. நடு வளைவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கதையை எடுத்துவிடுவார். கூட வருகிறவர்களும் நிற்போம். சிரித்து முடித்துவிட்டு ஏறுவோம்.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துத் தேயிலைக்காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் லயம். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடுகள். அண்ணனுக்குக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. வயது ஐம்பத்தைந்து. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். ஆனாலும் ஓணத்துக்கு நடக்கும் வடம்வலியில், அதாவது கயிறு இழுக்கும் போட்டியில், எங்கள் பக்கக் கயிற்றின் கடைசி ஆள் அவர்தான். எடைக்கு அங்கே வேலையில்லை, குதிகாலுக்குத்தான் வேலை என்பார். அந்தக் குதிகாலை அவர் மண்ணில் புதைத்துவிட்டால் கீழ் டிவிஷன்காரர்கள் ஏழு பேரும் திணறுவார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் பிரஷர் கூடி, அவருடைய கிட்னி பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. உப்பைக் குறைத்தார், மாத்திரை போட்டார், வேலைக்கும் போனார். அந்த மாத்திரைகளோடு பிறகு கொழுப்புக்கு ஒன்றும் சேர்ந்தது.

போன வருடம் ஆடியில், கர்க்கடக மழையில், ரத்தம் டெஸ்ட் பார்த்துவிட்டு வந்தார். பேப்பரின் முதல் வரி மட்டும் தெரிவதுபோல மடித்து, பினுவின் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தியாடா பினு, கொழுப்பு நூத்தி அறுபத்தெட்டு. டாக்டர்மாருக்கே இவ்வளவு கம்மியா இருக்காது."

பினு நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். "எனக்கு இருநூத்தி அறுபதாக்கும் அண்ணாச்சி," என்றான், வடையைத் திருப்பிக்கொண்டே.

"கொழுப்பு ஒனக்கு, மாத்திரை எனக்கா? ஆள் மாத்திக் குடுத்திருக்காங்கடா." சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டை மாத்திரையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"ஓசின்னா எனக்குக் குழப்பமில்ல," என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

லயத்தில் சீனி, மிளகாய்ப்பொடி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் வீடு மாறுவது சாதாரணம். அதனால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அண்ணனின் மனைவி முருகேஸ்வரி அக்கா மட்டும், "பேப்பரைக் கல்யாணப் பத்திரிகையாட்டம் நீட்டிக்கிட்டு அலையுதீக. இனி மேளந்தான் பாக்கி," என்றார்.

ஆவணி பிறப்பதற்குள் கதைகள் கூடிவிட்டன. முதல் வளைவில் ஒன்று, குழாயடியில் ஒன்று, மேல் வளைவில் ஒன்று. எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்குத்தான் உறுத்தியது. முதல் வளைவில் நின்றவுடன் அவருக்குக் கதை வரவில்லை. தேயிலைச் செடியை ஒரு கையால் பிடித்து, கொஞ்ச நேரம் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். நாங்கள் ஸ்வெட்டருக்குள் நடுங்கும்போது அவருக்கு மேல் உதட்டில் வேர்வை. ஒரு நாள் சொன்ன கதையையே மறுநாளும் சொன்னார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

வடம்வலிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வியாழக்கிழமை முதல் பழகலாம் என்று பேசிவைத்திருந்தார்கள். அண்ணனிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் சொன்னால் பயந்துவிடுவார். புதன்கிழமைதோறும் லயத்துக்குப் பிரஷர் பார்க்க வருகிற நர்ஸ் டின்சி சிஸ்டர் அன்று என் கையில் பட்டையைச் சுற்றினார்.

"சிஸ்டர், பெரியமுத்து அண்ணன்..."

"பிரஷர் பாக்கும்போது மிண்டக்கூடாது. பேச்சு அப்புறம்."

"அவரு பேசுறதுக்காக நிக்கல சிஸ்டர். நிக்கிறதுக்காகப் பேசுறாரு."

டின்சி பட்டையைக் கழற்றிவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அன்று சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்கு டின்சி முதல் வளைவில் காத்திருந்தார். அண்ணன் வந்து நின்று, செடியைப் பிடித்தார்.

"கதை அப்புறம். கையக் குடுங்க அண்ணா. இங்க நின்னா என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஏறயில நெஞ்சு கனக்கும், தாடைக்குக் கீழ ஒரு பிடிப்பு. நின்னா போயிரும். வாயு."

"எத்தனை நாளா இந்த வாயு?"

"மழை தொடங்குனதிலருந்து."

"கொழுப்புக் குளிகை போடுறீங்களா?"

அண்ணன் பேப்பரை எடுத்து நீட்டினார். டின்சி மடிப்பைப் பிரித்தார்.

"முதல் வரி மட்டும்தான் நார்மல். கீழ பாருங்க, ட்ரைகிளிசரைடு முந்நூத்திப் பத்து. நல்ல கொழுப்பு முப்பதுகூட இல்ல. கிட்னி தளர்ந்தா இப்படித்தான் வரும். இனி எல்லா வரியும் நார்மலா இருந்தாலும் உங்களுக்கு அந்தக் குளிகை வேணும். கிட்னிக்காரங்களுக்கு ரத்தக் குழாய் சீக்கிரம் கெட்டுப்போகும். டயாலிசிஸ் வரைக்கும் போகாம, அதுக்கு முன்னாடியே ஹார்ட்ல மாட்டுறவங்கதான் கூடுதல்."

"நான் ஒல்லியால்ல இருக்கேன்?"

"ஒல்லி தடின்னு அது ஆள் பாக்காது. குளிகை எங்கே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "பினுகிட்ட."

அங்கிருந்தே ஜீப்பில் ஏற்றினார்கள். ஈசிஜி எடுத்த இடத்திலிருந்து நேராகக் கோட்டயத்துக்கு அனுப்பினார்கள். இதயத்தைப் படம் எடுக்க ஏற்றும் மருந்து கிட்னியைப் பாதிக்கலாம் என்பதால், அளவைக் குறைத்து, முன்னும் பின்னும் ரத்தம் பார்த்துச் செய்தார்களாம். ஒரு பெரிய குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். "இந்த நிலைமையில கயிறு இழுத்திருந்தா..." என்று டாக்டர் அக்காவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். மீதியை அக்கா என்னிடம் சொல்லவில்லை.

ஓணத்துக்கு நாலு நாள் முன்பு அண்ணன் வீடு வந்தார். பினு மாத்திரையைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தான். "ரெண்டுதான் தின்னேன் அண்ணாச்சி. கால் வலிச்சது, விட்டுட்டேன்." அங்கே இருந்த டின்சி அவனை ஒரு பிடி பிடித்து, அவனுக்கென்று தனியாக டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

கயிற்றின் கடைசி இடம் பினுவுக்குப் போனது. அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். கத்தக்கூடாது, துண்டு வீசலாம் என்று அக்கா உத்தரவு போட்டிருந்தார். ஃபைனல் வரை போனோம். அதில் கடைசி இழுப்பில் பினுவின் வேட்டி அவிழ, அவனுடைய ஒரு கை அங்கே ஓடியது. தோற்றோம்.

"கயிறு போனாப் போகுது, மானம் போகலையேடா," என்றார் அண்ணன். அதைக் கேட்டு நடுவரும் சிரித்துவிட்டார்.

இரண்டாம் பரிசு ஒரு பூவன் குலை. கிட்னிக்கு ஆகாதென்பதால் அவருக்கு வாழைப்பழம் கூடாது. அவரே சீப்பு சீப்பாக வெட்டி வீட்டுக்கு வீடு கொடுத்தார்.

இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. அண்ணன் மாடி வேலையை விட்டுக் கொழுந்து எடை போடுகிறார். மூன்று வளைவையும் மெதுவாக, நிற்காமல் ஏறுகிறார். கிட்னி அதே அளவில் இருக்கிறது, டயாலிசிஸ் இல்லை. கொழுப்பு மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா எடுத்துக் கொடுக்கிறார். இந்த ஓணத்துக்கும் கயிறு இழுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை.